ஒரு என்.பி.ஏ. ஜி.எம். ஒழுங்காகத்தான் அணி கட்டினாரா? எடைபோடும் முறை, படிப்படியாக

ஒரு ஜி.எம்.மின், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிக்கு வீரர்களைச் சேர்ப்பதையும் விடுவதையும் முடிவு செய்யும் பொது மேலாளரின், முடிவுகளை எடைபோடப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்துவிடுகிறார்கள். அணி ஜெயித்திருந்தால் அவர் செய்ததெல்லாம் புத்திசாலித்தனமாகத் தெரியும், தோற்றிருந்தால் எல்லாமே முட்டாள்தனமாகத் தெரியும். அப்புறம் எவ்வளவு புள்ளிவிவரம் சேர்த்தாலும் அந்த முதல் எண்ணத்துக்குச் சாட்சி தேடுவதாகத்தான் அது முடிகிறது.

அதனால் கீழே உள்ள வரிசை முக்கியம். விளைவைப் பார்க்கும் வேலை எட்டாவது படியில்தான் வருகிறது. உதாரணத்துக்கு டிம் கானலியை எடுத்துக்கொள்கிறேன். 2013 முதல் 2022 வரை டென்வர், அதன்பின் மினசோட்டா என்று இரண்டு அணிகளைக் கட்டியவர். நல்ல முடிவு, மோசமான முடிவு, நல்ல எண்ணத்தில் அதிக விலை கொடுத்த முடிவு எல்லாம் அவர் கணக்கில் இருப்பதால் பயிற்சிக்குப் பொருத்தமான ஆள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்செல் தாள், அந்த ஜி.எம். காலத்தின் முழுப் பரிவர்த்தனைப் பட்டியல், ஒவ்வொரு வருடத்தின் சம்பள உச்சவரம்பு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு), டிராஃப்ட் வரிசை (புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வரிசை; தோற்ற அணிகளுக்கு முன்னிடம், ஒவ்வொரு முறையும் ஒரு ‘தேர்வு’). இவை நான்கும் பொதுவெளியில் கிடைப்பவைதான்.

இவற்றோடு சில விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். அணியில் வழக்கமான ஒப்பந்தம் 15 பேருக்குத்தான். ஒரு வீரரின் அதிகபட்சச் சம்பளம் அவருடைய அனுபவத்தைப் பொறுத்து உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதத்தில் தொடங்கும். முதல் சுற்றில் எடுத்த புதுமுகத்தை நான்கு வருடம் மலிவாக வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்றுத் தேர்வே இல்லாதபடி எதிர்காலத் தேர்வுகளை விற்கக் கூடாது. உச்சவரம்பைத் தாண்டியும் சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். இதெல்லாம் தெரியாமல் இறங்கினால், ‘ஏன் இவரை வாங்கவில்லை?’ என்று விதியே இடம் கொடுக்காத விஷயத்துக்கு மதிப்பெண் குறைப்பீர்கள்.

2. முடிவு யாருடையது?

பதவியின் பெயரை நம்ப வேண்டாம். பல அணிகளில் கடைசி வார்த்தை கூடைப்பந்துப் பிரிவின் தலைவருடையது, ஜி.எம். அவருக்கு அடுத்த இடம்தான். டென்வரில் கானலியே 2017ல் அந்தத் தலைவர் பதவிக்கு உயர்ந்தார், ஜி.எம். பட்டம் வேறொருவருக்குப் போனது. முடிவெடுத்தவர் அதே ஆள்தான்.

அடுத்து, வந்த தேதியும் போன தேதியும். டென்வர் கோப்பையை வென்றது 2023ல். கானலி அங்கிருந்து கிளம்பியது 2022 மே மாதம். கோப்பை ஜெயித்த அணியின் தொடக்க ஐவரில் நட்சத்திர வீரர் நிகோலா யோகிச், ஜமால் மரே, போர்ட்டர் ஜூனியர், ஆரன் கார்டன் ஆகிய நால்வரும் அவர் காலத்தில் வந்தவர்கள். ஐந்தாமவர் கால்ட்வெல்-போப்பைக் கொண்டுவந்தவர் அடுத்து வந்த கால்வின் பூத். பெஞ்சிலிருந்து வந்து பெரிய வேலை செய்த புரூஸ் பிரவுனும் பூத் பிடித்த ஆள். கோப்பையை ஒருவர் பெயரில் மட்டும் எழுதினால் மற்றவருக்கு அநியாயம்.

தாளில் ‘பொறுப்பு’ என்று ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் முழுசு, பாதி, தெரியவில்லை என்று குறியுங்கள். சம்பளம் எல்லை தாண்டினால் லீக் போடும் வரிக்கு உரிமையாளர் பயந்து செய்த காரியம் ‘பாதி’. புதிதாக வந்தவர் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்ததும் ‘பாதி’, ஏனென்றால் அவர் கையில் இருப்பது முன்னவர் தயாரித்த பட்டியல்.

3. முதல் நாள் கையிருப்பு

பதவியேற்ற நாளில் அவர் கையில் என்ன இருந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். வீரர்கள், வயது, மீதமுள்ள ஒப்பந்தம், சொந்தமாக உள்ள தேர்வுகள், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய தேர்வுகள். இந்தப் பக்கம்தான் அவரை அளக்கும் அடிக்கோடு.

இது ஏன் அவசியம் என்பதற்கு புரூக்லினைப் பாருங்கள். 2013ல் கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்குவதற்காக அந்த அணி 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகளை பாஸ்டனுக்குக் கொடுத்தது. 2017ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும், அதாவது இரண்டு அணிகளின் தேர்வில் நல்லதை பாஸ்டன் எடுத்துக்கொள்ளும் உரிமையையும், கொடுத்தது. 2016 பிப்ரவரியில் ஷான் மார்க்ஸ் ஜி.எம்.மாக வந்தபோது அந்த இருவரும் அணியில் இல்லை, கடன் மட்டும் இருந்தது. 2016-17ல் புரூக்லின் 20 வெற்றி, 62 தோல்வி. லீக்கிலேயே கடைசி இடம். அதற்குப் பரிசாகக் கிடைத்த முதலாவது தேர்வு பாஸ்டனுக்குப் போய்விட்டது.

தோற்பதால் லாபமே இல்லாத அணியை, தோற்று இளம் வீரர்களைச் சேர்க்கும் அணியோடு ஒப்பிட்டால் அளவுகோலே தப்பு. மார்க்ஸ் வேறு வழி பார்த்தார். மற்ற அணிகளின் மோசமான ஒப்பந்தங்களைச் சுமந்து, அதற்குக் கூலியாக இளைஞர்களைக் கேட்டார். 2018-19ல் 42 வெற்றி. முதல் நாள் பக்கத்தை எழுதியவருக்குத்தான் அந்த 42ன் எடை தெரியும்.

4. எல்லா முடிவுகளையும் தேதி வாரியாக

டிராஃப்ட், டிரேடு (வேறு அணியோடு பண்டமாற்று), ஒப்பந்தம், நீட்டிப்பு, ஆப்ஷன் (பேசிய சம்பளத்துக்கே இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளும் உரிமை), விடுவிப்பு எல்லாவற்றையும் தேதியோடு ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவில் நிற்பதெல்லாம் பெரிய வெற்றியும் பெரிய சொதப்பலும்தான்.

பலர் விட்டுவிடும் வகை ஒன்று உண்டு: பெயர் தெரியாத சின்னக் காகித வேலை. 2018ல் யோகிச்சுக்கு இன்னும் ஒரு வருடம் 16 லட்சம் டாலர் அளவில் ஆப்ஷன் இருந்தது. அந்த விலைக்கு அப்படி ஒரு வீரரா என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். டென்வர் போடவில்லை. ஆப்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் 2019ல் அவர் எந்தத் தடையும் இல்லாமல் எந்த அணிக்கும் போகலாம். 2018லேயே விட்டால், மற்றவர் தரும் விலைக்கு ஈடு கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை டென்வரிடம் இருக்கும். ஒரு வருட மலிவைத் தூக்கிக் கொடுத்து, ஐந்து வருடத்துக்கு 14 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். என் தாளில் கானலி வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண்களில் இது ஒன்று.

எடுக்காத முடிவுகளையும் எழுதுங்கள், ஆனால் ஆதாரம் உள்ளவற்றை மட்டும். ஆப்ஷனைத் தவறவிட்டது, நீட்டிப்புக்கான கெடு தாண்டியது போன்றவை ஆவணத்தில் இருக்கும். ‘இன்னாருக்கு இன்ன டிரேடு வந்ததாம், மறுத்தாராம்’ என்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சை வெளியே விடுவதே அதில் ஆதாயம் உள்ள தரப்புதான்.

டிரேடுகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். 2015 ஜனவரியில் டென்வர் டிமோஃபே மோஸ்கோவைக் கிளீவ்லண்டுக்குக் கொடுத்து இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் வாங்கியது. அதில் ஒன்று 2017ல் இன்னொரு டிரேடோடு போர்ட்லண்டுக்குப் போனது. இப்படிச் சங்கிலி நீளும்போது எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நான் இரண்டாவது கண்ணியில் நிறுத்திவிடுவேன். நிறுத்தாமல் போனவர்களின் தாளைப் பார்த்திருக்கிறேன், 2015ல் கொடுத்த ஒருவருக்காக 2024ன் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

5. டாலரை விடுங்கள், சதவீதம் எழுதுங்கள்

ஒப்பந்தத் தொகையை அந்த வருட உச்சவரம்பால் வகுத்து சதவீதமாக்குங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு எதுவும் நிற்காது.

அதே மோஸ்கோவை எடுத்துக்கொள்வோம். 2016ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தது, வருடத்துக்கு 1.6 கோடி. அப்போது உச்சவரம்பு 9.41 கோடி, ஆகவே அவர் எடுத்துக்கொண்ட இடம் 17 சதவீதம். 2025-26ல் உச்சவரம்பு 15.46 கோடி. அதே 1.6 கோடி அந்த வருடத்தில் 10 சதவீதம்தான். இன்றைய கண்ணோடு பார்த்தால் அந்த ஒப்பந்தம் ஏதோ சுமார் ரகம் போலத் தெரியும். அன்றைக்கு அது அணியின் ஆறில் ஒரு பங்கு.

தப்பான ஒப்பந்தத்தின் உண்மையான விலை அதிலிருந்து தப்பிக்கும்போதுதான் தெரியும். ஒரு வருடம் கழித்து மோஸ்கோவை இறக்கிவைக்க லேக்கர்ஸ் கூடவே டி’ஆஞ்சலோ ரசலையும் அனுப்பியது. இரண்டு வருடம் முன்பு இரண்டாவது இடத்தில் எடுத்த இளைஞர். பதிலுக்கு புரூக் லோப்பஸும் 27வது தேர்வும் வந்தன என்பது சரிதான், ஆனால் மூட்டை இல்லாமல் ரசலை மட்டும் விற்றிருந்தால் விலை வேறாக இருந்திருக்கும். மூட்டையைச் சுமக்க முன்வந்தது மூன்றாவது படியில் பார்த்த அதே மார்க்ஸ்.

சதவீதத்துக்குப் பக்கத்தில், அந்த வருடம் அணி வரிக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்றும் குறியுங்கள். லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்டு 2023ல் வந்த புதிய கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். வரிக்கோட்டுக்கும் மேலே உள்ள இரண்டாவது ஏப்ரன் என்ற சம்பளக் கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, டிரேடில் பணம் கொடுக்க முடியாது. அங்கே பணத்தைவிட வழி அடைபடுவதுதான் பெரிய இழப்பு.

6. டிராஃப்ட்: அடுத்து வந்தவரோடு ஒப்பிடாதீர்கள்

‘இவரை எடுத்தார், நான்கு இடம் தள்ளி இன்னார் இருந்தாரே’ என்பது வீண் வாதம். எந்தத் தேர்வுக்குப் பின்னாலும் ஒரு நல்ல வீரர் இருப்பார். ஒப்பிட வேண்டியது அந்த இடத்தின் சராசரியோடு. அந்த இடம், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பத்து வருடம் என்று எடுத்தால் 50 பேர் கிடைப்பார்கள். அதில் எத்தனை பேர் நான்கு வருடம் தாண்டி நிலைத்தார்கள், எத்தனை பேர் தொடக்க ஐவரில் வந்தார்கள் என்று எண்ணுங்கள். எண்ணி முடித்தவுடன், முதல் சுற்றின் பின்பாதியில் ஏமாற்றம்தான் வழக்கம் என்பது புரிந்துவிடும்.

இனி யோகிச். 2014ல் 41வது தேர்வு, பின்னாளில் மூன்று முறை எம்.வி.பி. (பருவத்தின் சிறந்த வீரர்). இதற்கு எவ்வளவு மதிப்பெண் கொடுப்பது? அன்றைய இரவை நிதானமாகப் பாருங்கள். டென்வர் தன் 11வது தேர்வைச் சிகாகோவுக்குக் கொடுத்து 16, 19 இரண்டையும் வாங்கியது. 16ல் யூசுஃப் நுர்கிச், 19ல் கேரி ஹாரிஸ். யோகிச் பெயர் இரண்டு முறையும் பலகையில் இருந்தது. டென்வரே இரண்டு முறை தாண்டிப்போனது, அதிலும் ஒரு முறை அதே இடத்தில் ஆடும் இன்னொரு செண்டருக்காக (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்).

அதனால் என் தாளில் 41வது தேர்வுக்கு நல்ல மதிப்பெண்தான், உச்ச மதிப்பெண் இல்லை. ‘யாரும் பார்க்காததை இவர் பார்த்தார்’ என்று எழுத அந்த இரவு இடம் தரவில்லை. 11ஐ இரண்டாக உடைத்தது அந்த இரவின் சிறந்த முடிவு, அதற்குக் கூட்டியே போட்டிருக்கிறேன்.

டிராஃப்டின் முதல் இடங்களைக் குலுக்கலில் முடிவு செய்யும் லாட்டரியைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். 2025ல் டாலஸ் 1.8 சதவீத வாய்ப்பில் முதலாவது இடத்தை வென்று கூப்பர் ஃபிளாகை எடுத்தது. மூன்று மாதம் முன்பு தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை டிரேடில் கொடுத்ததற்கும் பந்து விழுந்ததற்கும் சம்பந்தமில்லை. அதை அந்த டிரேடின் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

7. டிரேடு: மூன்று கேள்வி, மூன்று மதிப்பெண்

ஒரே மதிப்பெண் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, அன்றைய நிலையில் அந்தத் திசை சரியா? இரண்டு, கொடுத்த விலை சரியா? மூன்று, என்ன நடந்தது? மூன்றாவது கட்டத்தை இப்போது காலியாக விடுங்கள்.

2017 பிப்ரவரியில் நுர்கிச்சை போர்ட்லண்டுக்கு அனுப்பியதைப் பாருங்கள். டிசம்பரிலேயே யோகிச் தொடக்க செண்டராகிவிட்டார், இரண்டு பேரும் ஒன்றாக ஆடுவது ஒத்துவரவில்லை. ஒருவரை அனுப்புவதும், அது நுர்கிச்சாக இருப்பதும் சரியான திசை. உயர்ந்த மதிப்பெண். ஆனால் விலை? நுர்கிச்சோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து வாங்கியது மேசன் பிளம்லியையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும். பிளம்லியின் ஒப்பந்தம் அந்தக் கோடையிலேயே முடிகிறது. கொடுப்பவரே கூடுதலாகவும் கொடுத்தால், தான் அவசரத்தில் இருப்பதை எதிராளிக்குச் சொல்லிவிட்டார் என்று பொருள். விலைக்குக் குறைந்த மதிப்பெண். அந்தப் பருவத்தில் பிளே-ஆஃபின் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) கடைசி இடத்தை போர்ட்லண்ட் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் டென்வரிடமிருந்து பறித்தது. ஆனால் அது மூன்றாவது கட்டத்துக்கான சேதி.

பின்னால் நடந்ததைப் பார்க்காமலே விலையைத் தீர்மானிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். 2013ல் டென்வர் 27வது இடத்தில் எடுத்த ரூடி கோபேரை அன்றிரவே யூட்டாவுக்குக் கொடுத்து 46வது தேர்வும் பணமும் வாங்கியது. கோபேர் யார் என்றே தெரியாமல் போயிருந்தாலும் இது குறைந்த மதிப்பெண்தான், ஏனென்றால் பணம் ஆடுகளத்தில் இறங்காது. கானலி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்பதால் பொறுப்புக் கட்டத்தில் ‘பாதி’. அதே கானலி 2022 ஜூலையில் மினசோட்டாவுக்காக அதே கோபேரை வாங்கினார். இந்த முறை விலை: 2023, 2025, 2027, 2029 முதல் சுற்றுத் தேர்வுகள், 2026ல் இடம் மாற்றும் உரிமை, கூடவே ஐந்து வீரர்கள், அவர்களில் அப்போதுதான் டிராஃப்டில் எடுத்த வாக்கர் கெஸ்லரும் ஒருவர். தேர்வுகளெல்லாம் ஒன்றுவிட்டு ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். முதல் படியில் சொன்ன விதி அனுமதிக்கும் எல்லை வரை கொடுத்திருக்கிறார்.

திசைக்கு நான் நடுவான மதிப்பெண் கொடுத்தேன். மினசோட்டாவில் ஏற்கெனவே இருந்த கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் போல வெளியிலிருந்து எறியத் தெரிந்த பெரிய ஆளோடு கோபேர் ஆட முடியும் என்ற எண்ணத்தில் தர்க்கம் இருக்கிறது. விலைக்குக் குறைவாகத்தான் கொடுத்தேன், இன்றும் மாற்றவில்லை. 30 வயது வீரருக்கு ஏழு வருடம் தள்ளியுள்ள தேர்வு வரை கொடுத்தால், அந்தத் தேர்வு வரும்போது அவர் ஆடிக்கொண்டிருக்க மாட்டார் என்பது அன்றைக்கே தெரியும்.

8. இப்போது விளைவைப் பாருங்கள்

முதல் இரண்டு மதிப்பெண்களையும் பூட்டிவிட்டு மூன்றாவது கட்டத்தைத் திறங்கள். பூட்டுவது என்றால் உண்மையிலேயே பூட்டுவது. தாளின் ஒரு பிரதியைத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை தானாகப் போய்த் திருத்தும், எனக்கும் போயிருக்கிறது.

வெற்றி எண்ணிக்கையைவிட ஒரு ஆட்டத்துக்கான புள்ளி வித்தியாசம் நம்பகமானது. இரண்டு மூன்று புள்ளியில் முடியும் ஆட்டங்களில் அதிர்ஷ்டம் நிறைய, ஒரு பருவத்தின் 82 ஆட்டத்திலும் அது முழுதாகச் சமமாகிவிடாது. பிளே-ஆஃப் இன்னும் சின்ன மாதிரி.

அடுத்து காயம். கோபேர் வந்த முதல் வருடம் மினசோட்டா 42-40. தோல்வி டிரேடு என்று அப்போதே எழுதி முடித்துவிட்டார்கள். அந்த வருடம் டவுன்ஸ் ஆடியது 29 ஆட்டம். அதாவது எந்த ஜோடிக்காக டிரேடு செய்தார்களோ அந்த ஜோடியை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் 56 வெற்றி, லீக்கின் சிறந்த தடுப்பாட்டம், மேற்குப் பிரிவு இறுதிப்போட்டி. 2025லும் அதே இறுதிப்போட்டி வரை. டென்வரிலும் இதே கதைதான்: கார்டனை வாங்கிய மூன்றாவது வாரத்திலேயே, 2021 ஏப்ரலில், மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த இரண்டு பிளே-ஆஃபிலும் அவர் இல்லை. அந்த இரண்டு வருட முடிவை வைத்து அணியை அளந்தவர்கள் 2023ல் திகைத்துப்போனார்கள்.

காயத்தை முழுக்க மன்னிக்கவும் கூடாது. ஏற்கெனவே காயப்பட்டவரை வாங்கினால் அது தெரிந்தே எடுத்த ஆபத்து. முதுகுப் பிரச்சினையால் போர்ட்டர் ஜூனியர் 14வது இடம் வரை சரிந்தார், அங்கே எடுத்தது நியாயமான பந்தயம். 2021ல் அதே முதுகுக்கு அதிகபட்ச நீட்டிப்பு கொடுத்தது வேறு பந்தயம். இரண்டுக்கும் தனித்தனி வரி.

விதி மாறியதையும் கவனியுங்கள். 2024ல் மினசோட்டா டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பியதில் சம்பளச் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது ஏப்ரன் 2023ல் வந்தது. 2022 ஜூலையில் எடுத்த முடிவை அதை வைத்துத் தண்டிக்க நான் விரும்பவில்லை. ஆனால் 2024ல் அந்தச் சுமையைச் சமாளித்த விதத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு.

9. கூட்டும்போது

எல்லா வரிகளுக்கும் ஒரே எடை கொடுத்துச் சராசரி எடுக்காதீர்கள். 15வது ஆளை மாற்றியதும் கோபேர் டிரேடும் ஒரே எடை பெற்றால் கணக்கு கேலிக்கூத்தாகிவிடும். உச்சவரம்பில் எத்தனை சதவீதம், எத்தனை வருடம், எத்தனை முதல் சுற்றுத் தேர்வு சம்பந்தப்பட்டது என்று பார்த்து மூன்று அளவாகப் பிரித்தாலே போதும்.

திசை, விலை, விளைவு மூன்றையும் கடைசி வரை தனித்தனி நெடுவரிசையாகவே கூட்டுங்கள். கானலியின் தாளில் திசைக் கட்டம் நன்றாக இருக்கிறது, விலைக் கட்டத்தில் ஓட்டை விழுகிறது. நுர்கிச், கோபேர், 13வது தேர்வைக் கொடுத்து டிரே லைல்ஸையும் 24வது தேர்வையும் வாங்கிய 2017 இரவு, மூன்றிலும் அதே சாயல். அந்த 13ல் வந்தவர் டோனவன் மிட்செல் என்பதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும், இரண்டு வருடம் ஆடியும் பெரிதாக வளராத ஒருவருக்காகப் பதினோரு இடம் இறங்கியது தாராளம்தான். எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

முடியாத வரிகளை முடிந்ததாக எழுதாதீர்கள். கோபேருக்காகக் கொடுத்தவற்றில் 2027, 2029 தேர்வுகளின் இடம் அந்தந்த வருடம்தான் தெரியும். என் தாளில் அந்த வரியின் மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது.